குட்டிச் சைக்கிளில் குட்டிக்கரணமா?

போன இதழில் புளிக்காய்ச்சல் கெடாமல் வைப்பது பற்றி எழுதியதற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் நன்றி. அதில் ஒரு சகோதரி மட்டும் புளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்கள் சின்னப் பெண் சைக்கிள் வித்தை பழகும்போது விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறது என்று ஜூன் மாதம் ஒரு வரி எழுதினீர்களே, அது என்ன வித்தை? என் பையனும் அதே சைக்கிளைக் கேட்டு உயிரை எடுக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தக் கட்டுக்குப் பாதிக் காரணம் நான்தான். அதனால் இந்தத் தடவை அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன்.

என் சின்ன மகள் எட்டாவது படிக்கிறாள். வருஷ ஆரம்பத்தில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், அக்காவின் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, இதைப் பாரேன்" என்றாள். ஒரு ஜப்பான்காரப் பெண், வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு குட்டிச் சைக்கிளோடு சுற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. இவள் முன் சக்கரத்தின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்மேல் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, பம்பரம் மாதிரி சுழல்கிறாள். அடுத்த நிமிஷம் சைக்கிள் இவளைச் சுற்றி வருகிறது. பாரதம் முழுக்கச் சுற்ற வேண்டாம், எங்கள் வாசலில் கோலம் போடுகிற இடம் போதும் போலிருந்தது. "சர்க்கஸா?" என்றேன். "ஃப்ளாட்லேண்ட்மா" என்றாள் என்னவோ தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த அக்காவின் சைக்கிளை எடுத்து, பின் சக்கரத்து நட்டின்மேல் காலை வைத்து நிற்கப் பார்க்கிறாள்! அதுவும் எங்கே? மொட்டை மாடியில். கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்கு வராது. ஈரப் புடவையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

என் மாமியார் வழக்கம்போல, "வயசு வரப்போற பொண்ணு. கை கால் முறிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் பதில் பேசவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் அத்தை சொன்ன அந்தக் காரணம் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மணிக்கணக்கு வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவள். ஒன்பதாவது படிக்கும்போது பெரியவளானேன். அன்றோடு சைக்கிள் போயிற்று. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "இனிமே எதுக்கு?" என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் காய்கறிக்கடைக்கு நான் நடந்துதான் போகிறேன்.

சரி, அந்த வித்தை என்னதான் என்று முதலில் தெரிந்துகொள்வோமே என்று நானும் பெரியவளும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். இதன் பிறந்த ஊர் அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா. 1963-ல் அங்கே ஸ்டிங்-ரே என்று 20 அங்குலச் சக்கரம் வைத்த ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, பெரியவர்கள் மோட்டார் சைக்கிளில் மண் மேட்டில் பந்தயம் விடுவதைப் பார்த்துப் பையன்களும் புழுதியில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் பி.எம்.எக்ஸ். சைக்கிள். 1970-களின் கடைசியில் பாப் ஹாரோ என்ற இளைஞர், பந்தயத்தை விட்டுவிட்டு அதே சைக்கிளில் வித்தை காட்டத் தொடங்கினார். 1982-ல் வந்த 'ஈ.டி.' படத்தில் பையன்கள் அந்தக் குட்டி ஜீவனைக் காப்பாற்றச் சைக்கிளில் பறப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் வீரசாகசக் காட்சிகளுக்கு ஓட்டியவர்களில் அவரும் ஒருவர்.

முதலில் நின்ற இடத்தில் குதிப்பதும் நிற்பதுமாக இருந்த வித்தையை, பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரைச் சேர்ந்த கெவின் ஜோன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் ஓடிக்கொண்டே செய்கிற நாட்டியமாக மாற்றினார்கள். பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கிற வித்தை, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது. இந்தச் சமதள வித்தைக்கு அங்கே இடமில்லை. ஆனால் 2023-ல் கிளாஸ்கோ நகரத்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இதற்குப் போட்டி இருந்தது. இதை நான் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "உலகத்துப் பொண்ணுங்க எல்லாம் என் பேத்தியா?" என்றார்.

மே விடுமுறையில் இவரும் நானும் கடைக்குப் போனோம். இங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். பளபளவென்று கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சைக்கிள், பி.எம்.எக்ஸ். என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் நிற்பதற்குக் குழாய் மாட்டி, 6,800 ரூபாய்க்கு நின்றது. என் மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா, கனமா இருக்கு, ஆக்ஸிலும் ஒல்லியா இருக்கு" என்றாள். பதின்மூன்று வயசுப் பெண் சொல்லி நான் கேட்பதா? "வாய் பேசாம வாங்கிக்க, இதுவே அதிகம்" என்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றே வாரம். பின்பக்கக் குழாய்கள்மேல் இரண்டு காலையும் வைத்து மெதுவாக உருண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் குழாய் அப்படியே கீழ்நோக்கிச் சாய்ந்து, மரை வழுக்கிக் கழன்று விழுந்துவிட்டது. இவள் வலது கையை ஊன்றிக்கொண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தாள்.

சகோதரிகளே, இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சைக்கிள் வாங்கப் போகாதவர்களும் படிக்கலாம். கை ஊன்றி விழுவது எந்தப் பிள்ளைக்கும் நடக்கும்.

மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. அவ்வளவுதான். டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார், முறிவு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு பட்டை வைத்துக் கட்டி, "கழற்றாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு படம் எடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். நான்கு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. "படத்துலதான் ஒண்ணுமில்லையே, வெறும் சுளுக்கு. எண்ணெய் போட்டு வழிச்சு விட்டா சரியாப் போயிடும்" என்றார் அத்தை. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பட்டையை நானே அவிழ்த்தேன். சுளுக்கு எடுக்கிற அம்மாளை வரவழைத்து மூன்று நாள் வழித்தும் விட்டோம். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். வீண் செலவு என்றுதான் தோன்றியது. அன்று காலை அவள் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். அதைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்துவிட்டேன். இரண்டாவது படத்தில் மயிரிழை போல ஒரு கோடு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம், ஸ்கஃபாய்டு என்று பெயர். அதில் விரிசல். இந்த எலும்பு முறிந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். அதற்கு ரத்தம் போகிற வழியும் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். பிறகு எழுதுவதற்கும் இடியாப்பம் பிழிவதற்கும் ஆயுசு முழுக்க வலி. "வழிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, நான் தரையைப் பார்த்தேன். சின்ன வயசு, சீக்கிரம் தெரிந்துவிட்டது, கூடிவிடும் என்று சொல்லி, முழங்கைக்குக் கீழிருந்து கட்டைவிரல் வரை மாவுக்கட்டுப் போட்டார். எட்டு வாரம்.

கட்டைவிரலை மேலே நிமிர்த்திப் பாருங்கள், அதன் அடியில் மணிக்கட்டில் ஒரு சின்னக் குழி விழும். மூக்குப்பொடி போடுகிற தாத்தாக்கள் பொடியை வைத்து உறிஞ்சுவார்களே, அதே குழி. கை ஊன்றி விழுந்த பிள்ளைக்கு அந்தக் குழியில் அமுக்கினால் வலித்தால், வீக்கம் இருக்கிறதோ இல்லையோ, வழிக்கவே கூடாது. டாக்டர் மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும்.

கட்டு இருந்த இரண்டு மாதமும் அவள் சைக்கிள் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. ஒருநாள் விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்னாலேயே எழுந்து, கோலமாவை எடுத்து, தரையில் ஒரு சைக்கிளை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தாள். இரண்டு சக்கரம், நான்கு குழாய், ஹேண்டில்பார் எல்லாம் இருந்தது. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்தக் காலை எப்போது எந்தக் குழாயில் வைப்பது என்று அந்தப் படத்தின்மேல் மிதித்து மிதித்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலாலேயே அழித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாளித் தண்ணீரோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அந்த மாதம் சீட்டு எனக்கு விழுந்திருந்தது. மிக்ஸி மாற்றலாம் என்று வைத்திருந்த பணம் அது.

இந்தத் தடவை என் புத்திசாலித்தனத்தை வீட்டில் வைத்துவிட்டு, தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பாயையும் மகளையும் பேச விட்டேன். அவர்கள் சொல்லித் தெரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, 20 அங்குலச் சக்கரம் என்றால் சின்னப் பிள்ளை சைக்கிள் என்று நினைக்காதீர்கள். நாற்பது வயசு வித்தைக்காரரும் இதே அளவில்தான் ஓட்டுகிறார். 'வளர்கிற பிள்ளை' என்று பெரிய சக்கரம் வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. சீட்டும் தாழ்ந்துதான் இருக்கும். உட்காருவதற்கு அல்ல அது. முழங்காலில் தட்டாமல் இருப்பதற்கு.

இரண்டாவது, என்னைக் கவிழ்த்த ஆக்ஸில். சக்கரத்தின் நடுவே போகிற இரும்புத் தண்டு. நிற்கிற குழாய்க்கு 'பெக்' என்று பெயர். சுமார் பத்து சென்டிமீட்டர் நீளம், பூரிக்கட்டைப் பருமன், கால் வழுக்காமல் இருக்க மேலே சொரசொரப்பு. ஆள் மொத்தக் கனமும் அதன்மேல்தான். அதைத் தாங்க, பின் ஆக்ஸில் 14 மில்லிமீட்டர் பருமன் இருக்க வேண்டும். முன் சக்கரத்தில் 10 மில்லிமீட்டர்கூட வரும். அப்போது பெக்குக்குள் இடைவெளி இல்லாமல் ஒரு வளையம் போட்டுத்தான் பொருத்த வேண்டும். நம் ஊரில் பையன்கள் பின்னால் சிநேகிதனை ஏற்றிக்கொண்டு போவதற்குக் குழாய் மாட்டுகிறார்களே, அதைப் பார்த்து நானும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன். "அது நிக்கறதுக்கும்மா, இது குதிக்கறதுக்கு" என்று பாய் ஒரே வரியில் முடித்தார். கடையில் சைக்கிளைப் பார்க்கும்போது வெட்கப்படாமல் நட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

மூன்றாவது, பிரேம். மலிவுச் சைக்கிளில் சாதாரண இரும்பு. நல்லதில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த 'குரோமோலி' எஃகு. பலம் அதிகம், அதனால் குழாயை மெல்லிசாகச் செய்யலாம், கனம் குறையும். சமதள வித்தைக்கென்றே செய்த பிரேமில் மேல்குழாய் 19 அங்குலம் அளவில் குட்டையாக இருக்கும். உடம்பைச் சுற்றிச் சைக்கிளைத் திருப்ப வசதி. ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அந்தத் தனிப் பிரேமைத் தேடி அலைய வேண்டாம். நல்ல ஆக்ஸிலும், நேராக ஓடுகிற சக்கரமும், இரண்டு பிரேக்கும் உள்ள எந்த பி.எம்.எக்ஸும் முதல் வருஷத்துக்குப் போதும். இரண்டு பிரேக் என்று அழுத்திச் சொல்கிறேன். முன் பிரேக்கே இல்லாமல் நிறைய வண்டி வருகிறது. பெரிய வித்தைக்காரர்கள் பிரேக்கே வேண்டாம் என்று ஓட்டுவதைப் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை வாதாடும். விடாதீர்கள்.

பிரேக் வயர் சுற்றிக்கொள்ளாமல் ஹேண்டில்பாரை முழு வட்டமாகச் சுற்ற 'ஜைரோ' என்று ஒரு வளையம் வரும். பின்னோக்கி உருண்டால் பெடல் சுற்றாமல் நிற்க 'ஃப்ரீகோஸ்டர்' என்று ஒரு ஹப் வரும். இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே வாங்குவது அரிச்சுவடி படிக்கிற பிள்ளைக்கு அகராதி வாங்குவது போல.

டயர் மட்டும் வழவழப்பாக, நன்றாகக் காற்றடித்ததாக இருக்க வேண்டும். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் ஓரத்திலேயே எண் போட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. காற்றுக் குறைந்தால் வண்டி தள்ளாடும், பிள்ளை தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்து அழும். பெடல் இரும்பு முள் வைத்ததாக வேண்டாம், நைலான் போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து அடித்தால் தெரியும் ஏன் என்று!

கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற ஒரு பையன் விற்ற பழைய குரோமோலி சைக்கிள் 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பழசுதான். பாய் அதைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பார்த்து, குழாய்கள் சேரும் பற்றுகளில் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

அவர் சொன்ன இன்னொன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா பாருங்கள். எல்லாச் சைக்கிளுக்கும் இது உண்டு. ரப்பர் தேய்ந்து வெறும் குழாய் வெளியே தெரிந்தால், விழும்போது அது வயிற்றில் குத்தும். வெளியே ஒரு வட்டத் தழும்புதான் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். ஹேண்டில்பார் வயிற்றில் இடித்த பிள்ளை வலி என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, வெளிறிப் போனாலோ, சோடா கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மூடி விலை மிகச் சொற்பம். நான் அன்றே அக்கா சைக்கிளுக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி தொங்கக் கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். கையுறை, முழங்கால் உறை, கெண்டைக்காலுக்கு முன்பக்க உறை. கால் தட்டையாகப் பதிகிற கான்வாஸ் ஷூ. சிராய்ப்புக்குச் சோப்பும் குழாய்த் தண்ணீரும் போதும், காப்பிப்பொடியை அப்பாதீர்கள். பத்து வயசிலும் பதினாறு வயசிலும் போடுகிற டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் பிரித்து, எலும்பு கூடியதைப் படத்தில் பார்த்து, கைக்குப் பயிற்சி எல்லாம் கொடுத்து, 'இனி ஓட்டலாம்' என்று டாக்டர் சொல்ல மொத்தம் நாலு மாதம் ஆயிற்று. இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் காலனி பாட்மின்டன் கோர்ட். நான் துடைப்பத்தோடு முன்னால் போகிறேன். மணல் ஒரு பிடி கிடந்தாலும் சக்கரம் வழுக்கும். முக்கால் மணி நேரம். அதற்கு மேல் கால் சோர்ந்த பிறகுதான் பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

முதல் வாரம் வித்தையே கிடையாது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, பெடல் இரண்டும் சமமாக, முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, காலைக் கீழே வைக்காமல் நிற்பது. நான் எண்ணுவேன். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் கால் ஊன்றினாள். வாரக் கடைசியில் இருபது.

இரண்டாவது பாடம், இறங்குவது. பின் பெக்குகளில் இரண்டு காலும் வைத்து மெதுவாக உருள வேண்டும். நான் "இறங்கு" என்றதும் ஹேண்டில்பாரை விடாமல் பின்னால் தரையில் கால் வைத்து நின்றுவிட வேண்டும். ஐம்பது தடவை, நூறு தடவை. இது பழகிய பிறகுதான் அதே நிலையில் கையை நீட்டிப் பின்னால் சாய்ந்து முன் சக்கரத்தைத் தூக்குவது. அதிகமாகச் சாய்ந்தால் பின் பிரேக்கைத் தொட்டால் போதும், முன் சக்கரம் கீழே வந்துவிடும். அதுவும் தவறினால் ஏற்கனவே பழகிய மாதிரி பின்னால் இறங்கிக்கொள்ளலாம். சைக்கிள் போனால் போகட்டும், அதைக் காப்பாற்றப் போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவருக்கு மட்டும் அந்த இடத்தில் 14,000 ரூபாய் ஞாபகம் வந்துவிடும்.

மூன்றாவது 'எண்டோ'. முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்குவது. பார்க்கச் சுலபம், பயம் அதிகம். நாங்கள் முதலில் கோர்ட்டின் ஓரத்துத் திண்ணை மேட்டில் முன் சக்கரத்தை மெதுவாக முட்ட வைத்துப் பழகினோம். பிரேக் இல்லாமலே பின்பக்கம் ஒரு சாண் எழும்பும். அந்த உணர்வு உடம்புக்குப் பழகும். பிறகு நடக்கிற வேகத்தில் வந்து, இரண்டு விரலால் மட்டும் முன் பிரேக்கை இறுக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோக வேண்டும். கை நேராக, பார்வை எதிரே. வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். தோசைக்கல்லில் மாவைப் பரப்புகிற மாதிரி ஒரே சீரான அழுத்தம் என்று நான் சொன்னேன். "அம்மா, நீ எல்லாத்துலயும் தோசை சுடுவே" என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் அது சரியாக வந்தது!

இப்போது ஒரு காலை முன் பெக்கில் வைத்து, பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு காலின் ஷூவால் முன் டயரைத் தள்ளித் தள்ளி நகர்வதைப் பழகிக்கொண்டிருக்கிறாள். கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். ஷூ அடி மாதத்துக்கு ஒன்று தேய்ந்துவிடும் போலிருக்கிறது. அவள் ஆசை 'ஹேங் ஃபைவ்' என்ற வித்தையில்: பிரேக் பிடிக்காமல், ஒற்றைக் கால் முன் பெக்கில், மற்றக் கால் அந்தரத்தில் ஆடிக்கொண்டு, முன் சக்கரம் ஒன்றிலேயே உருண்டு போவது. வருஷக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

அத்தை இன்னும் சம்மதிக்கவில்லை. கோர்ட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் முந்தாநாள் அவள் ஹெல்மெட்டை மறந்து படியிறங்கியபோது, "தலையில மாட்டுறத மாட்டிட்டுப் போடி" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அந்தக் கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒன்று: கடைக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்த 6,800 ரூபாய்ச் சைக்கிள் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பெக்கைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு கூடை கட்டித் தருகிறேன் என்று பாய் சொல்லியிருக்கிறார். காய்கறிக்கடைக்குப் போய்வர அது போதுமாம். ஆறு கிலோ வெங்காயத்தைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறேன். நாளைக்குப் போய் ஏறிப் பார்க்க வேண்டும். அடுத்த இதழில் வெங்காய வடகம்.